அம்மாவின் குரலில் கூப்பிட்டவள்

பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி அபி, சோறு திங்க வா" என்று கூப்பிட்டேன். வெயிலில் கம்பி கொதித்தது. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடி கூப்பிட்டேன். பதில் இல்லை.

கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிற பிள்ளை இல்லை அவள். ஆனால் "ஒஸ்துன்னா" என்று கீழேயிருந்து ஒரு சத்தமாவது வரும். நான் திருநெல்வேலித் தமிழில் கூப்பிடுவேன், அவள் தெலுங்கில் "வருகிறேன்" என்பாள், ஆனால் வரமாட்டாள். எங்கள் வீட்டு நடைமுறை அது. அன்றைக்கு அந்த ஒரு சொல்கூட வரவில்லை.

கோடை விடுமுறை. கரண்ட் போயிருந்தது. ஏ.எஸ்.ராவ் நகரில் நாங்கள் இருந்த அபார்ட்மென்ட் மொத்தமும் மின்விசிறிச் சத்தம் இல்லாமல் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் நான் கூப்பிட்டது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். மூன்றாவது தடவை கூப்பிடும்போது என் குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது.

அபிக்கு அப்போது ஏழு வயது முடிந்திருந்தது. அன்று அவளுக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டுமென்றால், அதற்கு முன்னால் கேதுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயரே சரியில்லை

கேப்டன் கேது என்று ஒரு விண்வெளி வீரன் இருந்தான். காமிக்ஸ் புத்தகத்தில். வால்நட்சத்திரத்தின் மேல் ஏறி கிரகம் கிரகமாகப் போவான், அடி வாங்குவான், ஜெயிப்பான். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், குஷாய்குடாவில் ஒரு அச்சகத்தின் மாடியில் அவன் பிறந்தான். தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழிகளில் மாதாமாதம் வெளிவந்து பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்குவான். தமிழில் அவனைப் பேச வைத்தவள் நான்.

பெயரைக் கேட்டதும் என் மாமியார் போனிலேயே தலையில் அடித்துக்கொண்டார். ராகு கேதுவுக்குப் பரிகாரம் பண்ணுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம், சம்பளத்துக்கு வசனம் எழுதுகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அச்சக ஓனரிடம் நானும் சொல்லிப் பார்த்தேன். மூன்று மொழியிலும் இரண்டே எழுத்து, அட்டையில் பெரிதாகப் போடலாம் அம்மா என்று முடித்துவிட்டார்.

கேதுவின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. எப்போதும் தலைக்கவசம்தான். ரசிகர்கள் அதற்கு ஆயிரம் காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணம், முகத்தைக் காட்டினால் அது தமிழ் முகமா தெலுங்கு முகமா என்று கேட்பார்கள் என்று ஓனருக்குப் பயம்.

கதை இதுதான். கச்சிபௌலிப் பக்கம் கம்பெனிகள் கட்டுவதற்காகப் பாறைக்கு வெடி வைக்கிறார்கள். பிளந்த பாறைக்குள் ஒரு தலைக்கவசம் இருக்கிறது. வெடி வைத்தவன் எடுத்து மாட்டிக்கொள்கிறான். அவன்தான் முதல் கேது. அவன் சனி கிரகத்து வளையத்தில் செத்துப்போகிறான். கவசம் சாவதில்லை. அடுத்தவன் தலைக்குப் போகிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது மூன்றாவது கேது நடந்துகொண்டிருந்தான்.

கவசத்தை மாட்டிய உடனே யாரும் கேது ஆகிவிட முடியாது. ஒரு சின்னக் கலத்துக்குள் படுத்து, மூடியை மூடிக்கொண்டு, பழைய பெயர் மறக்கும்வரை அசையாமல் கிடக்க வேண்டும். ஒவ்வொரு கேதுவுக்கும் இந்தக் கட்டம் வரும். ஓவியர் அதை ரொம்ப ஆசையாக வரைவார்.

வெற்றுப் பலூன்கள்

எங்கள் வேலை நடந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மற்ற இடங்களில் முதலில் கதை எழுதி, பிறகு படம் வரைவார்கள். எங்களிடம் எல்லாம் தலைகீழ். ஓனர் ஓவியரிடம் ஒரு வரியில் கதையைச் சொல்வார். ஓவியர் முழுப் புத்தகத்தையும் வரைந்து, வாய்க்குப் பக்கத்தில் வெற்றுப் பலூன்களைப் போட்டுக் கொடுத்துவிடுவார். மூன்று மொழிக்காரர்களும் ஆளுக்கொரு ஜெராக்ஸ் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய், பலூன்களை அவரவர் இஷ்டத்துக்கு நிரப்புவோம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்க மாட்டோம். பார்த்தாலும் புரியாது. எனக்குத் தெலுங்கு காய்கறிக்காரனிடம் பேச வரும், படிக்க வராது.

விளைவு, கேதுவுக்கு மூன்று வரலாறு. என் கேது அம்மா பிள்ளை. சங்கரன்கோவில் பக்கத்துக்காரன் மாதிரி ரோஷமும் கண்ணீருமாகப் பேசுவான். இந்தியில் அவன் அண்ணன் சாவுக்குப் பழிவாங்க அலைந்தான். தெலுங்கில் எப்படி என்று நான் கேட்டுக்கொண்டதே இல்லை. அதை எழுதிய ஸ்ரீலதா என்னைவிட இளையவள், கெட்டிக்காரி, பேய்க்கதை பைத்தியம். தெலுங்குப் புத்தகம்தான் அதிகம் விற்கிறது என்று ஓனர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது இணையத்தில் கேதுவின் உண்மையான சரித்திரம் எது என்று மூன்று மொழி ரசிகர்களும் அடித்துக்கொள்கிறார்கள். கற்பனை செய்து ஆய்வு வேறு எழுதுகிறார்கள். படித்தால் சிரிப்பு வரும், ஆனால் முழுதாகச் சிரிக்க முடியாது. ஏனென்றால் என் மகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழி தெலுங்கு. அம்மா எழுதிய கேதுவை அவள் படித்ததே இல்லை. அவள் படித்தது ஸ்ரீலதாவின் கேதுவை.

தொட்டிக்குள் பார்த்தோம்

கீழே இறங்கிப் போனேன். அவளோடு விளையாடுகிற பிள்ளைகள் எல்லாம் சாப்பிடப் போயிருந்தார்கள். மாடிக்கு ஏறினேன். தண்ணீர் டேங்கின் மூடி மூடியபடி இருந்தது. படிகளில் இறங்கும்போதே ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினேன். யார் வீட்டிலும் இல்லை.

வாட்ச்மேன் யாதகிரி கேட்டைத் தாண்டிப் பிள்ளை வெளியே போகவில்லை என்று சத்தியம் செய்தார். ஆனால் கரண்ட் போவதற்கு முன்னால் ஒரு தடவை மோட்டார் போடப் போனதாகச் சொன்னார். கேட் தாண்டினால் மெயின் ரோடு. பஸ்கள் போகிற ரோடு.

அவர் மனைவி போய் நிலத்தடித் தொட்டியின் இரும்பு மூடியைத் தூக்கினாள். அதைச் சம்ப் என்பார்கள் அங்கே. இரண்டு பேரும் முட்டி போட்டுக் குனிந்து பார்த்தோம். கறுப்பாகத் தண்ணீர். அதில் என் முகம் தெரிந்தது. யாதகிரி ஒரு நீளக் கழியைக் கொண்டுவந்து உள்ளே விட்டுத் துழாவினார். கழியில் எதுவும் தட்டுப்படக்கூடாது என்று சங்கரன்கோவில் கோமதியம்மனை வேண்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டேன். என் பெயரும் கோமதிதான். என் பெயரைச் சொல்லி நானே கும்பிட்டது அன்றுதான்.

தட்டுப்படவில்லை.

எழுந்து மறுபடி கூப்பிட ஆரம்பித்தேன். கார் நிறுத்துகிற இடத்துக்குள் போய்த் தூண் தூணாகப் பார்த்துக்கொண்டு, "அபி, அம்மா கூப்பிடுதேன்லா, வாட்டி" என்று கத்தினேன். வெறும் எதிரொலிதான் வந்தது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் கச்சிபௌலியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தார். ஊரின் அந்தக் கோடி அது, நாங்கள் இந்தக் கோடி. எங்காவது ஒளிந்திருப்பாள், நன்றாகப் பார் என்று முதலில் அதட்டினார். நான் அழுவதைக் கேட்டதும் கிளம்பி வருகிறேன் என்றார். அவர் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்போதுதான் கீழ்வீட்டு ஸ்வீட்டி, அபியின் சிநேகிதி, வாயில் தயிர்சாதத்தோடு வெளியே வந்தாள். அபியைப் பார்த்தாயா என்று கேட்டேன். கொஞ்சமும் பதற்றமில்லாமல் சொன்னாள்.

"அபி கேது அயிபோயிந்தி ஆன்ட்டி."

அபி கேது ஆகிவிட்டாள். எங்கே என்று கேட்டேன். சொல்லக்கூடாது என்று தலையாட்டினாள். அவள் அம்மா வந்து அதட்டினாள், அடிக்கக் கை ஓங்கினாள். குழந்தை அழுததே தவிர வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அபி செத்துப்போவாள் என்று மட்டும் விம்மி விம்மிச் சொன்னது.

படிக்கத் தெரியாத பக்கம்

வீட்டுக்கு ஓடினேன். அவள் அப்பா கம்பெனி பஸ்ஸில்தான் போவார், கதவுக்குப் பின்னால் ஆணியில் அவருடைய ஹெல்மெட் எப்போதும் தொங்கும். ஆணி காலியாக இருந்தது. கட்டிலின் மேல் அந்த மாதத்துக் கேது கிடந்தான், தெலுங்கில்.

படங்கள் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். நான்காவது கேது உருவாகிற இதழ் அது. கலத்துக்குள் மூடியை மூடிக்கொண்டு ஒருவன் படுத்திருக்கிறான். அடுத்த கட்டத்தில் ஒரு பெண் பாறை மேல் நின்று, இரண்டு கையையும் வாயருகில் குவித்துக் கூப்பிடுகிறாள். தமிழில் நான் அவளை அவன் தாயாக்கியிருந்தேன். போய் வா மகனே என்று அவளை அழ வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தை எழுதும்போது நானே அழுதேன்.

அதே படம், அதே பெண். பலூனுக்குள் வேறு எழுத்து. எழுதப் படிக்கத் தெரியாதவள் போலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் பிள்ளை இருக்கும் இடம் அதற்குள் இருக்கிறது, என்னால் படிக்க முடியவில்லை.

ஸ்ரீலதாவுக்குப் போன் போட்டேன். குஷாய்குடா ஆபீசில்தான் இருந்தாள். எங்கள் பேச்சு எப்போதும் தெலுங்கும் இங்கிலீஷும் கலந்துதான் நடக்கும். கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். இத்தனை வருஷம் கழித்து என் கேதுவைப் படிக்கிறாயா என்றாள். அபியைக் காணோம் என்றேன். சிரிப்பு நின்றது.

அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "அவள் அம்மா இல்லை கோமதி. சூனியக்காரி. அம்மாவின் குரலை எடுத்துக்கொண்டு வந்து கூப்பிடுகிறாள். பதில் சொன்னால் உள்ளே இருக்கிறவன் செத்தான். அம்மா எவ்வளவு அழுதாலும் வாயைத் திறக்கக்கூடாது. அதுதான் சோதனை."

நான் மாடியிலிருந்து, படியிலிருந்து, பார்க்கிங்கிலிருந்து கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் என் பிள்ளை எங்கேயோ இருந்து கேட்டிருக்கிறாள். நான் அழ அழ, இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். யார் வந்தாலும் பதில் சொல்வாள், எனக்கு மட்டும் சொல்லமாட்டாள்.

உண்மையான அம்மாவை அவன் எப்படிக் கண்டுபிடிப்பான், என்ன அடையாளம், சீக்கிரம் சொல் என்றேன்.

ஸ்ரீலதா சொன்னாள், அதை இன்னும் யோசிக்கவில்லை, அந்த இடத்தில் 'தொடரும்' போட்டுவிட்டேன் என்று.

தொடர்கதை எழுதுகிற எல்லோரும் செய்கிற வேலைதான் அது. வாசகனைப் பயத்தின் உச்சியில் நிறுத்திவிட்டு, வழியை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போவோம். நானும் செய்திருக்கிறேன். அன்று அவளைக் கொன்றுபோடலாம் என்றிருந்தது. கலம் எங்கே இருக்கிறது என்றாவது எழுதியிருக்கிறாயா என்று கத்தினேன். பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. வெள்ளிப் போர்வைக்கு அடியில் என்றாள்.

வெள்ளிப் போர்வை

எங்கள் கட்டடத்தில் ஒரு என்ஜினியர் ஆன்சைட் வேலை என்று அமெரிக்கா போயிருந்தார். அந்த நாளில் மாடிக்கு ஒருவர் அப்படிப் போவார்கள். அவருடைய கார், பார்க்கிங்கின் கோடியில், சாயங்காலம் வரை வெயில் அடிக்கிற மூலையில் நின்றது. அதன்மேல் வெள்ளி நிறத்தில் ஒரு உறை. அந்தக் காரைத் தொட்டுக்கொண்டுதான் நான் சற்று முன்னால் அபி, அபி என்று கத்திவிட்டுப் போனேன்.

உறையின் எலாஸ்டிக்கைப் பிய்த்து எறிந்தேன். பின்கதவின் பூட்டு சரியாகப் பிடிக்காது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும், பெரியவர்கள் யாருக்கும் தெரியாது. வெளியிலிருந்து இழுத்தால் திறந்துகொள்ளும், உள்ளேயிருந்து திறக்காது. இழுத்தேன். அடுப்புக்குள் முகத்தை விட்ட மாதிரி அனல் அடித்தது.

சீட்டுகளுக்கு நடுவே தரையில், காலை மடக்கிக்கொண்டு கிடந்தாள். தலையில் அவள் அப்பாவின் ஹெல்மெட். அதன் முகக் கண்ணாடியை இறக்கி விட்டிருந்தாள். உள்ளே ஆவி படிந்து முகம் தெரியவில்லை. அசைவில்லை.

ஹெல்மெட்டை உருவினேன். முடி தலையோடு ஒட்டியிருந்தது. முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பேயைப் பார்க்கிற பார்வை.

"நுவ்வு அம்மா காது" என்றாள். நீ அம்மா இல்லை.

குரல் காற்றாகத்தான் வந்தது. சொல்லிவிட்டுப் பின்னாலேயே நகர்ந்து எதிர்க் கதவோடு ஒட்டிக்கொண்டாள். அம்மாதான்ட்டி, அம்மா வந்திருக்கேன் என்றேன். சொல்லச் சொல்ல அவளுக்குப் பயம் கூடியது. சூனியக்காரியும் அதைத்தான் சொல்வாள். என்னிடம் வேறு வார்த்தை இல்லை. அந்த வார்த்தையை இன்னும் யாரும் எழுதவில்லை.

காலைப் பிடித்து இழுத்தேன். உதைத்தாள். தூக்கி நெஞ்சோடு அணைத்தபோது என் தோளைக் கடித்தாள். நிழலுக்கு ஓடினேன். யாதகிரி மனைவி ஒரு வாளித் தண்ணீரை எங்கள் இரண்டு பேர் மேலும் ஊற்றினாள். என் கைக்குள் இருந்துகொண்டே, என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்து, "அம்மா, அம்மா" என்று என் மகள் யாரையோ கூப்பிட்டாள். வந்து காப்பாற்றச் சொல்லி.

பெற்றவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா என்று எனக்குத் தெரியாது.

நான்காவது கேது

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். முடிக்க வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அபி அப்பாவிடம் பேசினாள், நர்சிடம் பேசினாள். நான் கஞ்சியைக் கொண்டுபோனாலும் அப்பா கொடுத்தால்தான் குடித்தாள். முதல் நாள் ராத்திரி முழுக்க அவள் கண்ணில் படாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மத்தியானம் அவளாகவே என்னைப் பார்த்து, "அம்மா, நீள்ளு" என்று தண்ணீர் கேட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்கப் பயம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சாயங்காலம் ஸ்ரீலதா வந்தாள். அபியைக் கட்டிக்கொண்டு அழுதாள். வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். விட்டுவிட்டால் இதைப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் கலத்துக்குள்ளேயே கிடப்பார்களே, முதலில் அவனை வெளியே எடு என்றேன். எத்தனை ஊரில் எத்தனை பிள்ளைகள் அந்தத் தொடரும் என்கிற சொல்லோடு படுத்திருக்கிறார்களோ என்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

என்ன அடையாளம் வைப்பது என்று இரண்டு பேரும் பேசினோம். தாலாட்டு என்றாள், மச்சம் என்றேன். குரலைத் திருடுகிறவளுக்கு இதெல்லாம் பெரிய காரியமா. பாயில் படம் வரைந்துகொண்டிருந்த அபி தலையைத் தூக்காமலே குறுக்கே பேசினாள், தெலுங்கில். சூனியக்காரிக்குப் பயமே கிடையாதாம், சும்மா அழுகிற மாதிரி நடிப்பாளாம். அதனால் கையைப் பார்த்தால் போதுமாம்.

யார் கையை என்று ஸ்ரீலதா கேட்டாள்.

"கஞ்சி கொண்டு வரும்போது அம்மா கை நடுங்கியது. டம்ளர் சத்தம் போட்டது. தண்ணி கேட்டுப் பார்த்தேன், அப்பவும் நடுங்கியது. அப்போதான் தெரிந்தது" என்றாள்.

ஓவியரிடம் போய் முதல்முறையாக எழுத்தை முன்னால் கொடுத்து, படத்தைப் பின்னால் கேட்டோம். ஒரு பக்கம் முழுக்க இரண்டு கைகள், நடுங்குகிற கைகள். மூன்று மொழியிலும் ஒரே வசனம். கேதுவின் சரித்திரத்தில் ரசிகர்கள் சண்டை போடாத ஒரே பக்கம் அதுதான். எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ரொம்ப காலம், நான் கூப்பிட்டால் அபி உடனே பதில் சொல்லமாட்டாள். சத்தம் போடாமல் வந்து கதவோரம் நிற்பாள். முகத்தைப் பார்க்கமாட்டாள், என் கையைப் பார்ப்பாள். நானும் கையை மறைக்காமல் நீட்டிக்கொண்டு நிற்பேன். அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.